மண்டிக்காரர் வீட்டு இரண்டு தண்ணீர்

திண்டிவனத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகள் விற்கும் ஒரு கடையிலிருந்து சென்ற மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நானும் இதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கஸ்டமருங்க எல்லாரும் ஒரே கேள்விதான் மேடம் கேக்கறாங்க. கிச்சன்ல ஒரு பெட்டி மாட்டினா போதுமா, இல்ல ஊடு மொத்தத்துக்கும் பிளான்ட் வைக்கணுமான்னு. நான் ரெண்டையும் விக்கறவ. எதைச் சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். எந்தக் கருவி என்று தொடங்காதே. அந்த வீட்டில் வாய்க்குப் போகும் தண்ணீர் எது, உடம்புக்கும் துணிக்கும் போகும் தண்ணீர் எது என்று முதலில் கேள். இரண்டும் ஒரே தண்ணீராக இருந்தால் ஒரு பதில், வேறு வேறாக இருந்தால் வேறு பதில் என்றேன். போகும்போது, இதையெல்லாம் எழுதி வையுங்கள், எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் என்றாள்.

எழுத உட்கார்ந்தால் தண்ணீர் நினைவுக்கு வரவில்லை. அமல்ராஜ்தான் நினைவுக்கு வருகிறார். அவர் மேல் எனக்கிருந்த பொறாமையை ஒதுக்கிவிட்டு என் வேலைக்காலத்தை எழுதினால் அது வேறு யாருடைய வேலைக்காலமாகவோ இருக்கும். ஆகையால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வேதியியல் பட்டம் வாங்கியது 1980இல். அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் விழுப்புரத்தில் பம்பு செட்டும் குழாயும் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அன்று விழுப்புரம் தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். வீட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சாமான்களுக்கென்று கம்பெனி புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தது. அதற்கு இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருவர் அமல்ராஜ், இன்னொருத்தி நான். இருவரும் ஒரே படிப்பு, ஒரே நாளில் சேர்ந்தவர்கள், சம்பளமும் ஒன்றே. சென்னையில் சில வாரம் பயிற்சி. திரும்பி வந்ததும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். சமையலறை எனக்கு, மொட்டை மாடி அவருக்கு.

சமையலறை என்றால் கேண்டில் பில்டர். எவர்சில்வரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள். மேல் பாத்திரத்தில் வெள்ளைப் பீங்கான் மண்ணால் ஆன இரண்டு கேண்டில்கள் நிற்கும். ஊற்றிய தண்ணீர் அவற்றின் உடம்பு வழியாக ஊறிக் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டும். கலங்கலும் கிருமியும் மேலேயே தங்கிவிடும். நான் பெட்டியைத் திறந்ததும் பாதி வீடுகளில், "எங்க ஊட்ல காபி பில்டர் ஏற்கெனவே இருக்கும்மா" என்பார்கள்.

மொட்டை மாடி என்றால் சாப்ட்னர். ஆள் உயர இரும்பு டிரம். உள்ளே மீன் முட்டை போலப் பழுப்பு நிற ரெசின் மணிகள். போர் தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது சுண்ணாம்புச் சத்து மணிகளில் ஒட்டிக்கொள்ளும். வீட்டின் எல்லாக் குழாய்களிலும் மென்மையான தண்ணீர் வரும். மணிகள் நிறைந்ததும் கல்லுப்புக் கரைசலை ஊற்றிக் கழுவினால் மறுபடி வேலை செய்யும்.

ஆண்கள் நுழையத் தயங்கும் இடம் சமையலறை என்பதால்தான் என்னை எடுத்ததாக முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அந்த இடமாவது முழுக்க என்னுடையது என்று நினைத்திருந்தேன். அமல்ராஜ் வாசல்படி ஏறும்போதே, "கொழம்பு வாசன தெருமொன வரைக்கும் வருதே, கருவாடா?" என்பார். டிரம் மாடியில் இருக்கும். அவர் அடுப்பங்கரை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார். எந்த வீட்டுப் பெண்ணும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பித்தளை டம்ளரில் காபி வரும். அவருக்கு அதே டம்ளரில் வரும் காபியுடன் முறுக்கும் வரும்.

எங்கள் மேனேஜர் தணிகாசலம் ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அவருடைய முறை ஒன்றை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் பையைத் திறக்கவிட மாட்டார். "தண்ணி குடுங்கம்மா" என்பார். யார் எடுத்து வருகிறார்கள், எந்தப் பாத்திரத்திலிருந்து மொள்ளுகிறார்கள், மூடியிருந்ததா, சொம்பை உள்ளே விட்டார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். வந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். விழுங்கிய பிறகுதான் உட்காருவார். வளவனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மரியாதைக்காக மோர் கொடுத்தார்கள். முழுவதையும் குடித்துவிட்டு, "இது மோரு. தண்ணி வேணும்" என்றார்.

"சோதன ட்யூபு அப்புறம் சொல்லும். ஜனங்க இன்னாத்த குடிக்கறாங்கன்னு மொதல்ல நீ குடிச்சுப் பாரு" என்பது அவர் கட்டளை. பாராட்ட மாட்டார். வேலை மிக நன்றாக அமைந்துவிட்டால், "ஆவட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லை அமல்ராஜ் எத்தனை முறை வாங்கினார், நான் எத்தனை முறை வாங்கினேன் என்பது எனக்கு மனப்பாடமாக இருந்தது. அமல்ராஜுக்கு அது தெரிந்திருக்காது. அவர் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

1983இல் எனக்குத் திருமணமாகித் திண்டிவனத்துக்குக் குடிபோனேன். கணவருக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. மறுவருடம் மகள் பிறந்தாள். காலையில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து விழுப்புரம் வருவேன். மாலையில் திரும்பும்போது சில நாள் அவள் அங்கேயே தூங்கிப்போயிருப்பாள். இந்த நிலையில் 1987 பொங்கல் முடிந்த கையோடு மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"திண்டிவனத்துல பிரான்ச் தொறக்கறாங்க. உங்க ரெண்டு பேருல ஒருத்தர் இன்சார்ஜ்" என்றார்.

நான் அமல்ராஜைப் பார்த்தேன். அவர் வீடு விழுப்புரத்திலேயே, ஆபீசிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்தது.

"அங்க மல்லாட்ட மண்டி ஏகாம்பரம் ஊட்ல தண்ணி பேஜாரு பண்ணுதாம். ஊர்ல பெரிய ஆளு. அவரு ஊடு சரியாச்சுன்னா ஊரே நம்மகிட்ட வரும். அந்த ஊடு யாரு கையில சரியாவுதோ, அவங்கதான் பிரான்ச்" என்றார் மேனேஜர்.

"சிஸ்டருக்குத்தான் சொந்த ஊரு சார். அவங்களுக்கே குடுத்துடுங்க" என்றார் அமல்ராஜ். அவர் என்னை எப்போதும் சிஸ்டர் என்றுதான் அழைப்பார். அன்று அதை அவர் மனதாரச் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஏகாம்பரத்தின் வீடு மரக்காணம் போகும் சாலையில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. மூவரும் போனோம். அவர் மனைவி கோமளா அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். மேனேஜர் கேட்டதும் சமையலறை மூலையில் மூடி வைத்திருந்த பித்தளைக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்தார்.

மேனேஜர் வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். விழுங்கினார். "இது போர் தண்ணி இல்லியே."

"குடிக்கறதுக்கு நல்ல தண்ணி சார். கழனிக் கெணத்துலேர்ந்து ஆளு கொண்டாந்து ஊத்துது" என்றார் ஏகாம்பரம். "போர் தண்ணிய எவன் குடிப்பான். பருப்ப காலைல அடுப்புல வெச்சா மத்தியானம் வரைக்கும் மல்லாட்ட மாதிரி மொறச்சிக்கினு நிக்குது. சோப்பு நொரைக்கல. கொழாய் வாயெல்லாம் வெள்ள வெள்ளயா பூத்துப் போச்சு. எம் பொண்ணு தலய வாரினா முடி கையோட வருது."

இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகள் அன்று இப்படித்தான். குடிக்க நல்ல தண்ணீர், குடத்தில். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர், குழாயில். உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் பாதி உண்மையில் உப்பு அல்ல, சுண்ணாம்பு.

இரண்டையும் சோதித்தேன். ட்யூபில் பிடித்த தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு, கறுப்புப் பொடியைச் சிட்டிகை போட்டுக் குலுக்கினால், சுண்ணாம்பு இருக்கும் தண்ணீர் திராட்சை ரசம் போலச் சிவக்கும். இல்லாத தண்ணீர் நீலமாகும். கிணற்றுத் தண்ணீர் சற்றே ஊதாவாக நின்றது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கல். போர் தண்ணீர் பொடி விழுந்ததுமே சிவந்தது.

"மாடில ஒரு டிரம்மு வெச்சுடலாங்க" என்றார் அமல்ராஜ். "எந்தக் கொழாயத் தொறந்தாலும் சோப்பு நொரைக்கும், பருப்பு பூ மாதிரி வேவும். பொண்ணுக்கு முடியும் நிக்கும். ஊட்டுக்கு வைக்கறதுன்னா முழுசா வைக்கணும்."

"குடிக்கற தண்ணி கொழாய்லயே வர்றதில்லியே" என்றேன் நான். "மாடில எவ்வளவு பெரிய டிரம்ம வெச்சாலும் அது அந்தக் குடத்துக்குள்ள எறங்காது. டிரம்மு சுண்ணாம்பத்தான் எடுக்கும், கிருமிய எடுக்காது. ஒடம்புக்குக் கெடுதல் குடத்துலதான் இருக்கு. கிச்சன்ல ஒரு கேண்டில் பில்டர் வையிங்க, போதும்."

"பில்டர் வெச்சா பருப்பு வேவுமா சிஸ்டர்?"

"நல்ல தண்ணில வேவ வெச்சா வேவும்."

"அப்ப குளிக்கறதுக்கும் பில்டர்லேர்ந்து சொட்டு சொட்டா புடிச்சிக்கினு உக்காந்திருக்கணுமா?"

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "ரெண்டு பேருமே சரியாத்தான் பேசறீங்க. ரெண்டையும் வையிங்க. எது எனக்கு ஒதவுதோ பாத்துக்கறேன்."

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கு என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும்.

பங்குனியில் இரண்டையும் பொருத்தினோம். கேண்டில்களைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, வாஷரை விரலால் அழுத்திப் பார்த்து, அடித் திருகை அளவோடு முடுக்கி, முதலில் சொட்டிய தண்ணீரைக் கொட்டச் சொல்லி, எல்லாவற்றையும் நான் கோமளா அம்மாளுக்குக் காட்டினேன். சாம்பலோ தேங்காய் நாரோ கேண்டிலில் படக் கூடாது, மெல்லிய பிரஷ் மட்டும்தான் என்று இரண்டு முறை சொன்னேன். மேல் பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் பட்டால் கேண்டிலின் துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிடும் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டார். சொன்னபடியே செய்தார். வெள்ளிக்கிழமைகளில் பாத்திரத்தின் வெளிப்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அதனால் பில்டருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

அமல்ராஜ் மாடியில் டிரம்மை நிறுத்தினார். கழுவு நீர் வெளியேறும் குழாயைச் சுவரோடு இறக்கிப் புழக்கடை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும் கால்வாயில் விட்டார். உப்புப் போடும் முறையை அவரும் காட்டினார். தண்ணீரை அடைத்து, கீழிருந்து மேலாக நீர் விட்டு மணிகளை அலசி, பக்கெட்டில் கல்லுப்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, டிரம்மின் மேல் வாயில் மெதுவாக ஊற்ற வேண்டும். அது இறங்கி வடிந்த பிறகு நல்ல தண்ணீர் விட்டு, வெளியேறும் நீர் நாக்கில் கரிக்காத வரை அலச வேண்டும். வாரம் ஒரு முறை.

முதலில் எல்லாம் அவர் பக்கமே இருந்தது. நான் சர்வீசுக்குப் போனால் ஏகாம்பரம் மண்டியிலிருந்தே கூப்பிட்டுச் சொல்வார். "பருப்பு வெண்ணெயா வேவுதும்மா. அந்தத் தம்பி கைராசிக்காரன்." என் பில்டர் சமையலறை மேடையில் சத்தமில்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் புலம்பினேன். "அவன் டிரம்ம ஊரே பாக்குது. ஒன்னுது பானை மாதிரி உள்ள உக்காந்திருக்கு" என்றார் அவர். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்.

சித்திரை வெயிலில் நிலை மாறியது. வழக்கமான சர்வீசுக்குப் போன நான், குழாய்த் தண்ணீரையும் ஒரு ட்யூபில் பிடித்தேன். பொடி போட்டேன். சிவந்தது. டிரம் வேலை செய்யவில்லை.

எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. ட்யூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது. அன்று மாலையே முறைப்படி மேனேஜரிடம் தெரிவித்தேன்.

"உப்பு போட்டாங்களா?" என்றார்.

மாடிப்படியடியில் உப்பு மூட்டை பிரித்தபடியே இருந்தது. ஒரு முறைக்கு மேல் அள்ளிய அடையாளம் இல்லை. கோமளா அம்மாளைக் கேட்டேன். "மறந்துட்டேம்மா. போட்டுடறேன்" என்றார். நான் முழு முறையையும் மறுபடி சொல்லிக் காட்டினேன். மறக்காமல் இருக்கச் சுவரில் சாக்பீசால் வரிசையாக எழுதி வைத்தேன். அமல்ராஜின் வேலையை நான் செய்கிறேன் என்ற பெருமையும் சேர்ந்துகொள்ள, நிறுத்தி நிதானமாக விளக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆவட்டும்மா" என்றார்.

அடுத்த முறை போனபோதும் தண்ணீர் சிவந்தது. மூட்டை அப்படியே இருந்தது. சாக்பீஸ் எழுத்தும் அழியாமல் இருந்தது.

ஏகாம்பரத்துக்குப் பொறுமை போயிற்று. ஆபீசுக்கு டெலிபோன் செய்தார். "உங்க டிரம்மு தண்டம் சார். மறுபடியும் பருப்பு கல்லா நிக்குது. ஜல்தியா வந்து கழட்டிக்கினு போங்க. அந்தப் பொண்ணு வெச்ச பில்டர் மட்டும் இருக்கட்டும்."

மேனேஜர் எங்களிடம் சொன்னார். "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போங்க. மத்தியானம் நான் வர்றேன். வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அமல்ராஜ் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கியவரோடு அந்த வீட்டுக்கு நடந்தேன். வாசலில், "சிஸ்டர், அவங்க ஒங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். மறந்துவிட்டதாகச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஒரு தடவ மறப்பாங்க. எல்லாத் தடவயுமா?" என்றார்.

அவர் மாடிக்கு ஏறவே இல்லை. புழக்கடைக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். கோமளா அம்மாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து இடுப்பில் பக்கெட்டோடு வந்தார். நேரே வராமல் கொட்டகையின் பின்னால் போய், வைக்கோல் போரைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக வந்தார். அவர் அப்படி வருவதை நானும் ஒவ்வொரு முறையும் பார்த்திருந்தேன். சேறு மிதிக்காமல் போகிறார் என்று எண்ணியிருந்தேன்.

"யம்மா, நேரா வந்தா ரெண்டு எட்டு. எதுக்கு ஊர சுத்திக்கினு வர்றீங்க?" என்றார் அமல்ராஜ்.

"சும்மாதான் தம்பி."

"சும்மா யாராச்சும் இடுப்புல பாரத்த வெச்சிக்கினு வைக்கப் போர பிரதட்சணம் பண்ணுவாங்களா?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கெட்டை இறக்கி வைத்தார். "அந்தக் கால்வாய்ல உப்பு போயிருக்குது. அதத் தாண்டி வரச் சொல்றியா?"

அமல்ராஜ் கல்லிலிருந்து எழுந்தார்.

"மொத வாரம் நீ சொன்ன மாதிரியே ஊத்தினேன். அது அப்படியே வடிஞ்சு சாக்கடைக்குப் போனத நின்னு பாத்தேன். அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. உப்பு லட்சுமி தம்பி. ஒரு கல்லு கீழ விழுந்தாலே குனிஞ்சு எடுத்து வைக்கறவ நான். வாராவாரம் வாரி வாரி சாக்கடைல ஊத்திட்டு, எல்லாரும் அதும்மேல நடந்துட்டு, மண்டில யாவாரம் எப்படி நடக்கும்?"

"இத எங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வெக்கமா இருந்துது. படிச்ச பொண்ணு. சிரிக்கும்."

"நானும் அதே படிப்புதாம்மா படிச்சேன்."

"நீ எங்க படிச்ச. நீ கருவாட்டக் கேக்கற ஆளு."

நான் ட்யூபைப் பிடித்தபடி நின்றேன். என் பிறந்த வீட்டிலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உப்புதான் முதலில் வாங்குவோம். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு உப்புக் கொடுக்க மாட்டோம். உப்புச் சிந்தினால் காலில் படாமல் அள்ளுவோம். அந்த அம்மாளின் மனதில் இருந்தது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். மாதா கோயிலுக்குப் போகிற அமல்ராஜ் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னிடம் அந்த அம்மாள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அமல்ராஜ் புழக்கடையைச் சுற்றிப் பார்த்தார். மதில் ஓரமாக மூன்று தென்னை மரங்கள் இருந்தன.

"தென்னைக்கு உப்பு வைப்பீங்களா?"

"வருசா வருசம் வைக்கறதுதான். காய் நல்லா புடிக்கும்."

"இந்தத் தண்ணி சாக்கடைக்குப் போவாம, தென்ன வேருக்குப் போச்சுன்னா?"

கோமளா அம்மாள் குழாயைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் மிதிக்க மாட்டாங்களே?"

"சுத்தி பாத்தி கட்டிடறேன். ஒரு வாரம் ஒரு மரம், அடுத்த வாரம் அடுத்த மரம்."

"வெள்ளிக்கெழம ஊத்த மாட்டேன்."

"வியாழக்கெழம ஊத்துங்க."

அவ்வளவுதான். அமல்ராஜ் குழாயைக் கழற்றி மதிலோரமாகத் திருப்பினார். பாத்தி வெட்ட ஏகாம்பரத்தின் ஆள் வந்தான். கோமளா அம்மாளே மூட்டையிலிருந்து உப்பை அள்ளிக் கரைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊற்றினார். சுவரில் நான் எழுதியதைப் பார்க்கவில்லை. எல்லா வரிசையும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மேனேஜர் குடையோடு வந்தபோது அலசல் முடிந்திருந்தது. வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். கோமளா அம்மாள் என் பில்டரின் குழாயைத் திருகிப் பிடித்து வந்து கொடுத்தார். மேனேஜர் வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். விழுங்கினார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு குழாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். பொடியை நான்தான் போட்டேன். நீலமாயிற்று. இவ்வளவு தெளிவான நீலத்தை அந்த ஊரில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏகாம்பரம் தென்னை விவரத்தைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, இத எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கொழாய திருப்பியிருப்பேனே" என்றார்.

"நீங்க எப்ப ஊட்ல இருந்தீங்க சொல்றதுக்கு" என்றார் அந்த அம்மாள்.

மேனேஜர் குடையை விரித்துக்கொண்டே அமல்ராஜைப் பார்த்து, "ஆவட்டும்" என்றார்.

பிரான்ச் யாருக்கு என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவரிடம் காரணம் கேட்டவர்கள் அதுவரை யாரும் கிடையாது.

"என் பில்டர்ல இன்னா கொறை சார்?"

"ஒண்ணும் கொறை இல்லம்மா."

"அவரு டிரம்மு ரெண்டு மாசம் ஓடல. என்னுது ஒரு நாளுகூட நிக்கல."

"அதான் வசந்தா" என்றார் அவர். "ஒன்னுது மொத நாள்லேர்ந்து சரியா ஓடிச்சு. அந்த ஊட்ல ஒன்ன யாரும் தேடவே இல்ல. அவன தேடினாங்க, திட்டினாங்க, அவன்கிட்ட மனசத் தொறந்து சொன்னாங்க. பிரான்ச்சுல உக்கார்றவன்கிட்ட ஜனங்க திட்டறதுக்காச்சும் வரணும். நீ சுத்தமா வேல செய்யற. அது எனக்கு இங்க வேணும்."

என் குழந்தையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

திறப்பு விழா ஆவணியில். கோமளா அம்மாள்தான் விளக்கேற்றினார். தன் வீட்டு மரத்துத் தேங்காய்களைக் கொண்டுவந்து அமல்ராஜிடம் கொடுத்தார். என்னிடம், "பில்டர் நல்லா சொட்டுதும்மா" என்றார். அந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு எங்கள் இருவருடைய காலைப் பொழுது விசித்திரமாக அமைந்தது. நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், அவர் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பஸ்ஸில். பெரும்பாலும் கூட்டேரிப்பட்டில் இரண்டு பஸ்களும் எதிரெதிரே நிற்கும். ஜன்னலோரம் இருந்தால் அவர் விடமாட்டார்.

"சிஸ்டர், ஒங்க ஊருக்குத்தான் போறேன். ஊட்ல ஏதாவது சொல்லணுமா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நாள்தோறும் அதே கேள்வி, அதே பதில். அவர் ஊரில் எனக்கும், என் ஊரில் அவருக்கும் வேலை.

மறு ஆண்டு ஐப்பசியில், அடைமழைக் காலத்தில், ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போயிற்று. கணவர் அதற்கு முன்பே வேலூருக்குப் போயிருந்தார். குழந்தையை நர்சரி பள்ளியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். மத்தியானம் அவளை அழைத்துப் போக யாரும் இல்லை. விழுப்புரத்தில் அன்று தட்டிக்கழிக்க முடியாத வேலை. கூட்டேரிப்பட்டில் எதிர் பஸ் நின்றது. மழைக்கு ஜன்னல் தட்டியை இறக்கியிருந்தார்கள். தட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் தலை வெளியே வந்தது.

"சிஸ்டர், ஊட்ல ஏதாவது சொல்லணுமா?"

"சொல்லணும்" என்றேன்.

பள்ளியின் பெயரையும் விடும் நேரத்தையும் மழைச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். இரண்டு பஸ்களும் கிளம்பிவிட்டன. அவர் தலையாட்டியது மட்டும் தெரிந்தது.

மாலை திண்டிவனத்தில் இறங்கி நேரே பிரான்சுக்கு ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மகள் வெளியே படியில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவள் தலையைத் துண்டால் துவட்டி, வகிடெடுத்து வாரியும் விட்டிருந்தார். அவர் உள்ளே கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொன்னேன். "இதுக்கு இன்னா சிஸ்டர்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அந்த மாமா ஆபீஸ்ல ஒரு சேர் இருக்கும்மா. அதுல என்ன உக்கார வெச்சாரு. மத்தியானத்துலேர்ந்து நான்தான் உக்காந்திருந்தேன். அவரு ஸ்டூல்ல உக்காந்துகினாரு."

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சுத்துதும்மா" என்றாள். "நீ உக்காந்ததே இல்லியா?"